பெங்களூரில் சைக்கிளில் சாப்பாடு டெலிவரி: ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு என் பதில்கள்

பாலக்கோட்டிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் மாதத்துக்கு இரண்டு பேராவது போன் செய்கிறார்கள். "அண்ணா, பெங்களூர் வந்தா சைக்கிள்ல டெலிவரி வேலை பார்க்கலாமா?" நான் ஈஜிபுராவில் அறை எடுத்துத் தங்கி மூன்று வருடமாக இந்த வேலைதான் செய்கிறேன். போனில் அரை மணி நேரம் பேசினாலும் பாதி விஷயம் விட்டுப்போகிறது. அதனால் வழக்கமாக வரும் கேள்விகளை எல்லாம் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். படித்துவிட்டு பஸ் ஏறுங்கள்.

லைசென்ஸ் இல்லை, பைக் இல்லை. வேலை கிடைக்குமா?

கிடைக்கும். சைக்கிளுக்கு ஓட்டுநர் உரிமமோ, ஆர்.சி. புத்தகமோ, வண்டி இன்சூரன்ஸோ தேவையில்லை. 2014இல் இதே பெங்களூரில் தொடங்கிய ஸ்விக்கி, 2008இல் டெல்லிப் பக்கம் தொடங்கிய சொமேட்டோ இரண்டிலும் சைக்கிளில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சேரும்போது என்ன வண்டி என்று கேட்கும் இடத்தில் சைக்கிள் என்று கொடுக்க வேண்டும். சில ஏரியாக்களில் அந்த நேரத்துக்கு ஆள் எடுக்காமல் இருப்பார்கள், பக்கத்து ஏரியாவைப் போட்டுப் பாருங்கள். 18 வயது முடிந்திருக்க வேண்டும். ஆதார், பான் கார்டு, உங்கள் பெயரிலேயே ஒரு வங்கிக் கணக்கு, சார்ஜ் நிற்கிற ஒரு போன். டி-ஷர்ட்டுக்கும் முதுகில் போடும் சாப்பாட்டுப் பைக்கும் ஒரு தொகை வாங்குவார்கள், பெரும்பாலும் அது சம்பாத்தியத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும்.

ஐடி என்றால் டெலிவரி ஆப்பில் நமக்கு இருக்கும் கணக்கு. "ஐடி போட்டுத் தருகிறேன், இரண்டாயிரம் கொடு" என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். சேர்வதற்கு இடையில் ஆள் தேவையில்லை, போனிலேயே முடிந்துவிடும். அதைவிட மோசம், இன்னொருவர் ஐடியை வாடகைக்கு வாங்கி ஓட்டுவது. ஏதாவது அடிபட்டால் இன்சூரன்ஸ் அவர் பெயரில் இருக்கும், கால் உடைந்தது உங்களுடையதாக இருக்கும்.

பெட்ரோல் போட வேண்டாம். அப்போ வருவதெல்லாம் லாபம்தானே?

வருகிறவர்களிடம் முதலில் மாற்ற வேண்டியது இந்த நினைப்பைத்தான். பைக் ஓட்டுகிறவர் பங்கில் போடுகிறார், நாம் ஓட்டலில் போடுகிறோம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் மிதமான வேகத்தில் ஒரு மணி நேரம் மிதித்தால் ஏறக்குறைய 350லிருந்து 450 கலோரி வரை செலவாகும். ஒரு இட்லியில் இருப்பது 40லிருந்து 60 கலோரிதான். காத்திருக்கும் நேரம் போக ஒரு நாளில் ஐந்து மணி நேரம் மிதிக்கிறோம் என்று வையுங்கள், 2000 கலோரி ஆகிறது. சும்மா உட்கார்ந்து வேலை பார்க்கிறவர் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடுவதே ஏறக்குறைய அவ்வளவுதான். ஆக, நமக்கு இரண்டு ஆள் சாப்பாடு தேவை.

எனக்கு இது தெரியவில்லை. வந்த புதிதில் காசு மிச்சம் பிடிக்க வேண்டும் என்று காலையில் டீயும் பன்னும், மதியம் ஒரு பிளேட் சோறு, அத்தோடு சரி. இரண்டே மாதத்தில் பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. ஒரு நாள் டொம்லூர் மேம்பாலத்துப் பக்கம் ஏறும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஓரமாக இறங்கி, சைக்கிளை நிறுத்தக்கூடத் தெம்பில்லாமல் படுக்கப் போட்டுவிட்டு நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த வழியாக வந்த திருவண்ணாமலைக்காரர் ஒருவர், அவரும் டெலிவரிதான், பையிலிருந்து இரண்டு கடலை மிட்டாய் எடுத்துக் கொடுத்து, "காலையில என்ன சாப்ட்ட?" என்று கேட்டார். சொன்னேன். திட்டினார். அன்றிலிருந்து என் பையில் கடலை மிட்டாய் இல்லாமல் நான் கிளம்புவதில்லை.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. நாம் ஊரில் சாப்பிடும் ராகிக் களிதான் இங்கே முத்தே. பெரிய உருண்டையாக, குழம்பு மாதிரியான சாரோடு தருகிற முத்தே ஓட்டல்கள் எல்லா ஏரியாவிலும் உண்டு. பதினோரு மணிக்கு அதைச் சாப்பிட்டுவிட்டு மதிய ஆர்டருக்கு இறங்கினால் மூன்று மணி வரை தாங்கும். காசு குறைவாக இருக்கும் நாட்களில் 2017இல் அரசு தொடங்கிய இந்திரா கேண்டீனுக்குப் போகலாம், காலை டிபன் 5 ரூபாய், சாப்பாடு 10 ரூபாய் என்றுதான் அதைத் தொடங்கினார்கள். தண்ணீர் பாட்டிலில் ஒரு எலுமிச்சை பிழிந்து உப்புப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, ஒரு நாளைக்கு எவ்வளவு கையில் நிற்கும்?

எண்ணை நேராகச் சொன்னால் அது உங்களை ஏமாற்றும். ஏரியாவுக்கு ஏரியா, வாரத்துக்கு வாரம் மாறுகிறது. கணக்கு போடும் முறையைச் சொல்கிறேன், உதாரண எண்களோடு.

காலை 11 முதல் இரவு 9 வரை பத்து மணி நேரம் ஆன்லைனில் இருந்தீர்கள். 14 ஆர்டர், சராசரியாக 35 ரூபாய் என்றால் 490. இன்சென்டிவ் 150. மொத்தம் 640. இதில் கூடுதல் சாப்பாடு, டீ, மோர் 160. போன் ரீசார்ஜ் ஒரு நாளைக்கு 10. சைக்கிள் தேய்மானம், பஞ்சர், பிரேக் கட்டை எல்லாம் சேர்த்து 20. மிச்சம் 450. இதைப் பத்து மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 45 ரூபாய்.

நிறையப் பேர் இங்கேதான் தவறு செய்கிறார்கள். மிதித்த ஐந்து மணி நேரத்தால் வகுத்து, "மணிக்குத் தொண்ணூறு, பரவாயில்லையே" என்று திருப்திப்படுகிறார்கள். ஓட்டல் வாசலில் நின்ற நேரமும் உங்கள் நேரம்தான், அதற்கு யாரும் தனியாகக் காசு தருவதில்லை. ஒரு சின்ன நோட்டு வாங்கி லாகின் நேரம், லாக்அவுட் நேரம், வந்தது, செலவு என்று நான்கு பத்தி போட்டு ஒரு மாதம் எழுதுங்கள். எந்தக் கிழமை, எந்த நேரம் உங்களுக்கு நஷ்டம் என்று அதுவே காட்டிவிடும். நான் அப்படி எழுதிப் பார்த்துத்தான் மதியம் 3லிருந்து 6 வரை ஆன்லைனில் இருப்பதை நிறுத்தினேன். அந்த நேரத்தில் அறைக்கு வந்து தூங்குகிறேன். வருமானம் பெரிதாகக் குறையவில்லை, இரவு ஆர்டருக்குக் கால் தயாராக இருக்கிறது.

எந்த ஏரியாவில் ஓட்டலாம்?

சைக்கிளுக்கு இதுதான் முக்கியம். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது, வெயில் சென்னை அளவுக்கு அடிக்காது. ஆனால் நகரமே மேடும் பள்ளமுமாக இருக்கிறது. பழைய ஏரிகள் எல்லாம் பள்ளத்தில், சாலைகள் மேட்டில். அல்சூர் ஏரிக் கரையிலிருந்து டிரினிட்டி சர்க்கிள் பக்கம் ஒரு முறை பையோடு ஏறினால் நான் சொல்வது புரியும். மல்லேஸ்வரத்தில் குறுக்குத் தெருக்கள் ஏறி ஏறி இறங்கும்.

ஓட்டல்களும் வீடுகளும் நெருக்கமாக இருக்கும் இடமாகப் பாருங்கள். கோரமங்களா 5, 6, 7வது பிளாக்குகளில் ஓட்டலுக்கு ஓட்டல் நடந்தே போகலாம். வாங்குகிறவர்களும் அதே பிளாக்குகளிலும், பக்கத்து ஹெச்.எஸ்.ஆர். லேஅவுட்டிலும், நம் ஈஜிபுரா, விவேக்நகர் பக்கமும் இருக்கிறார்கள். ஜெயநகர் நல்ல ஏரியா, மரநிழல் அதிகம், தெருக்கள் நேராக இருக்கும். இந்திராநகரில் ஆர்டர் குறையாது, ஆனால் 100 அடி ரோட்டில் வெள்ளி, சனி இரவுகளில் கார்கள் நடுவே சைக்கிள் ஓட்டுவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவதுதான்.

அவுட்டர் ரிங் ரோடு பக்கம் வேண்டாம் என்பேன். பெரிய அபார்ட்மெண்டுகளைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அங்கே ஒரு ஓட்டலுக்கும் ஒரு அபார்ட்மெண்டுக்கும் நடுவே நான்கு கிலோமீட்டர் இருக்கும், யூ-டர்ன் மட்டும் ஒரு கிலோமீட்டர் போக வேண்டும். 2020இல் அந்த ரோட்டில் சைக்கிளுக்குத் தனித் தடம் போட்டார்கள். அதை நம்பிப் போகாதீர்கள், பைக்கும் ஆட்டோவும் அதில்தான் வரும். ஈஜிபுரா மேம்பால வேலை 2017இல் தொடங்கியது. அந்தத் தூண்களுக்கு நடுவே ஓட்டிய எல்லோருக்கும் தெரியும், அங்கே வேகத்தில் ஒரு பள்ளத்தைத் தவறவிட்டால் ரிம் கோணிவிடும்.

தங்கும் இடமும் வேலை ஏரியாவும் இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கட்டும். வாடகை ஆயிரம் ரூபாய் குறைகிறது என்று தூரமாகத் தங்கினால் அந்த ஆயிரத்தையும் கால் கொடுக்கும். நம் ஆட்கள் அதிகம் இருக்கும் ஈஜிபுரா, நீலசந்திரா, ஆஸ்டின் டவுன், மர்ஃபி டவுன், அல்சூர் பக்கங்களில் விசாரித்தால் பங்கு அறை கிடைக்கும்.

எந்த சைக்கிள் வாங்கலாம்?

புதிதாக வாங்காதீர்கள். கியர், ஷாக் அப்சார்பர், தடித்த டயர் என்று கடையில் பளபளவென்று நிற்பது எதுவும் இந்த வேலைக்கு ஆகாது. முன்பக்க ஷாக் நீங்கள் ஏற்றத்தில் மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். செகண்ட் ஹேண்டில், கெட்டியான இரும்புக் கேரியரும் மட்கார்டும் உள்ள சாதாரண சைக்கிள் போதும். ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகள் நம் அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியுடையவை. பாகம் எந்தக் கடையிலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். ஏற்றம் அதிகமுள்ள ஏரியா என்றால் மட்டும் பின்னால் கியர் உள்ளதாகப் பாருங்கள்.

சீட்டு உயரத்தைக் கட்டாயம் சரி செய்யுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது கால் ஏறக்குறைய நேராக, முட்டியில் சின்ன மடிப்போடு இருக்க வேண்டும். நம் ஊரில் இரண்டு காலும் தரையில் பதிகிற மாதிரி சீட்டைத் தாழ்த்தி வைத்து ஓட்டிப் பழகிவிட்டோம். டீக்கடை வரைக்கும் போய்வர அது சரி. தினம் ஐம்பது கிலோமீட்டர் அப்படி மிதித்தால் ஆறு மாதத்தில் முட்டி பேச ஆரம்பிக்கும்.

காற்று விஷயம் ஒன்று. பெட்ரோல் பங்கில் காற்று இலவசம், ஆனால் பழைய மாடல் சைக்கிள் டியூபின் வால்வில் அந்தக் குழாய் உட்காராது. டியூப் மாற்றும்போது பைக்கில் இருப்பது போன்ற வால்வு உள்ள டியூபாகக் கேட்டு வாங்குங்கள், ரிம் ஓட்டை அதற்குப் பொருந்துகிறதா என்று கடைக்காரரே பார்த்துச் சொல்வார். அப்புறம் எந்த பங்கிலும் அரை நிமிடத்தில் காற்று. கூடவே ஒரு ஸ்பேர் டியூப், இரண்டு டயர் லீவர், ஒரு ஸ்பானர். இரவு பத்து மணிக்குப் பஞ்சர் கடை தேடி அலையாமல் இருக்க இது போதும்.

பூட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். மூன்றாவது மாடிக்கு ஏறி இறங்கும் நான்கு நிமிடத்தில் என் முதல் சைக்கிள் போனது.

மெயின், கிராஸ் என்கிறார்களே, அட்ரஸ் எப்படிக் கண்டுபிடிப்பது?

பெங்களூர் லேஅவுட்டுகளில் ஒரு திசையில் போகும் தெருக்கள் மெயின், அதைக் குறுக்கே வெட்டுபவை கிராஸ். 17வது மெயினும் 17வது கிராஸும் வேறு வேறு தெருக்கள், புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது இதில் ஏமாறுவார்கள். கோரமங்களாவில் 1 முதல் 8 வரை பிளாக், ஹெச்.எஸ்.ஆரில் செக்டர், ஜெயநகரில் 3வது பிளாக் என்றும் 4வது டி பிளாக் என்றும் இரண்டு வகை. அதனால் அட்ரஸில் முதலில் பிளாக்கைப் பாருங்கள், அடுத்து மெயின், கடைசியில் கிராஸ். 5வது கிராஸுக்கும் 6வது கிராஸுக்கும் நடுவே 5ஏ, 5பி என்று ஒளிந்திருக்கும்.

மேப் சைக்கிளுக்கு வழி சொல்லாது, பைக்குக்குச் சொல்லும் வழியையே சொல்லும். முதல் வாரம் சாயங்காலம் ஆர்டர் எடுக்காமல் உங்கள் ஏரியாவைச் சும்மா சுற்றுங்கள். எந்த கிராஸில் நாய்க் கூட்டம், எந்தப் பார்க் ஓரம் குறுக்கு வழி, எந்த ரோடு ஏற்றம் என்று காலுக்குத் தெரிந்துவிட்டால் ஒரு ஆர்டருக்கு மூன்று நிமிடம் மிச்சம். நாய் துரத்தினால் வேகமெடுக்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவே வைத்து நடந்து போங்கள், பெரும்பாலும் விட்டுவிடும். கடித்தால் உடனே சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு ஆஸ்பத்திரியில் ஊசி போட வேண்டும். அந்த நாளின் இன்சென்டிவ் போகட்டும்.

கன்னடம் தெரியாதே?

தமிழும் கொஞ்சம் இந்தியும் வைத்து ஓட்டலாம். ஆனால் நாலு வார்த்தை கன்னடம் பேசினால் செக்யூரிட்டி முகமே மாறும், இது அவர்கள் ஊர். "ஆர்டர் ரெடி ஆயித்தா?" என்றால் ஆர்டர் தயாரா. "எஷ்டு ஹொத்து ஆகுத்தே?" எவ்வளவு நேரம் ஆகும். "லிஃப்ட் எல்லிதே?" லிஃப்ட் எங்கே. "ஸ்வல்ப கெளகடே பன்னி" கொஞ்சம் கீழே வாருங்கள். கன்னடத்தில் பன்னி என்றால் மரியாதையாக வாருங்கள் என்று அர்த்தம், யாராவது உங்களைப் பார்த்துச் சொன்னால் கோபப்படாதீர்கள். எல்லோரையும் சார், மேடம், அண்ணா, அக்கா என்று கூப்பிடுங்கள், அண்ணாவும் அக்காவும் இரண்டு மொழிக்கும் பொது.

சாம்பார் கொட்டாமல் எப்படிக் கொண்டு போவது?

இது சின்ன கேள்வி மாதிரி தெரியும். ரேட்டிங் போவது பெரும்பாலும் இதில்தான். பைக்கில் டயர் பெரிது, ஷாக் இருக்கிறது. நம் சைக்கிளில் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரும் நேராக டப்பாவுக்குப் போகும். பையைக் கேரியரில் கட்டாதீர்கள், முதுகில் போடுங்கள். உங்கள் முட்டியும் இடுப்பும்தான் ஷாக் அப்சார்பர். பள்ளம் வரும்போது சீட்டிலிருந்து லேசாக எழுந்துகொள்ளுங்கள், டப்பா ஆடாது.

என் பைக்குள் எப்போதும் இரண்டு பழைய துண்டு இருக்கும். பையைத் திறந்து, சாம்பார், குழம்பு டப்பாவை அடியில் வைத்து, சுற்றிலும் துண்டைத் திணிப்பேன். பிரியாணி டப்பா அதற்குப் பக்கத்தில், மேலே இல்லை. இட்லி, தோசைப் பார்சல் கடைசியாக மேலே. குளிர்ந்த ஜூஸ் இருந்தால் துண்டுக்கு அந்தப் பக்கம், சூட்டோடு ஒட்டாமல். ஓட்டலில் வாங்கும்போதே மூடியை விரலால் நான்கு மூலையிலும் அழுத்திப் பார்ப்பேன். "க்ளக்" என்று ஒரு மூலை இறங்கினால், அது சரியாக மூடாமல் வந்தது என்று அர்த்தம். அந்த இடத்திலேயே சொல்லி டேப் ஒட்ட வைத்துவிடுவேன். கவர் சீல் வைத்து வந்திருந்தால் பிரிக்கக் கூடாது, வெளியிலிருந்து தொட்டுப் பாருங்கள், அடி ஈரமாக இருந்தால் வேறு கவர் கேளுங்கள்.

ஒரு முறை ரசம் கொட்டி, நாலாவது மாடியில் ஒரு வயதான அம்மாவிடம் பாதி டப்பாவைக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. உடம்பு சரியில்லாமல் ரசம் சாதம் மட்டும் கேட்டிருந்தார். தமிழ்க்காரர். "பரவாயில்லப்பா, நீ எந்த ஊரு?" என்றார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு மறந்து போயிருக்கும். அடுத்த நாள்தான் அந்தத் துண்டுகளைப் பையில் போட்டேன்.

மழையில் ஓட்டலாமா?

மே மாதம் சாயங்கால இடிமழை, பிறகு ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை மழை. பெரும்பாலும் மாலையில்தான் கொட்டும், அதாவது இரவு ஆர்டர் நேரத்தில். மழைக்குக் கூடுதல் காசு வரும், ஆசை வரும். தூறல் என்றால் ஓட்டுங்கள். ரோட்டில் தண்ணீர் ஓடினால் நிறுத்துங்கள். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், அவுட்டர் ரிங் ரோடு பக்கம் டிராக்டரில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த மாதிரித் தண்ணீருக்கு அடியில் திறந்த சாக்கடை இருந்தால் யாருக்கும் தெரியாது.

மே மாதத்தில் இன்னொன்று. குல்மொஹர் மரங்களிலிருந்து சிவப்புப் பூ உதிர்ந்து ரோட்டில் மெத்தை மாதிரி கிடக்கும். பார்க்க அழகு. அதில் மழை பட்டால் வாழைப்பழத் தோல் மாதிரி வழுக்கும், முன் பிரேக்கைத் தொடாதீர்கள். பிரேக் கட்டை நனைந்தால் பிடிக்க நேரமாகும், சிக்னலுக்கு இருபது அடி முன்பே லேசாகப் பிடித்து ஈரத்தைத் துடைத்துவிடுங்கள். போனுக்கு ஜிப் கவர், பின்னால் சிவப்பு விளக்கு. சைக்கிளுக்குச் சட்டம் கேட்கிறதோ இல்லையோ, ஹெல்மெட் போடுங்கள்.

அடிபட்டால் யார் பார்ப்பார்கள்?

முதலில் 108. தலையில் அடி என்றால் நிம்ஹான்ஸ், எலும்பு என்றால் ஜெயநகர் பக்கம் சஞ்சய் காந்தி ஆஸ்பத்திரி, இரண்டும் அரசு நிறுவனங்கள். மோட்டார் வண்டி இடித்தால் கட்டாயம் போலீசில் புகார் பதிவு செய்யுங்கள். "விடுப்பா, ஆயிரம் ரூபாய் வாங்கிக்கோ" என்பதில் முடித்துக்கொள்ளாதீர்கள். 2025இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில், மோட்டார் வாகன விபத்தில் காயம்பட்டவருக்குப் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் ஏழு நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை பணம் கட்டாமல் சிகிச்சை உண்டு. சைக்கிளில் போனவருக்கும் இது பொருந்தும். இடித்த வண்டியின் இன்சூரன்ஸிடம் நஷ்டஈடு கேட்கவும் அந்தப் புகார்தான் அடிப்படை. இடித்துவிட்டு ஓடிப்போன வண்டி என்றாலும் பலத்த காயத்துக்கு 50,000, உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம் என்று அரசு நிதியிலிருந்து இருக்கிறது.

ஆப்பிலும் ஒரு விபத்துக் காப்பீடு இருக்கும். அது எந்த நேரத்துக்குப் பொருந்தும், லாகினில் இருந்தால் போதுமா, ஆர்டர் கையில் இருக்க வேண்டுமா என்பதைச் சேரும் அன்றே படியுங்கள். அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். நமக்கு ஒன்று ஆனால் நம் போனைத் திறக்க அவர்களுக்குத் தெரியாது.

கர்நாடக அரசு 2023இல் கிக் தொழிலாளர்களுக்கு, அதாவது நம் மாதிரி ஆப் வழியாக வேலை பார்க்கிறவர்களுக்கு, ஒரு இலவசக் காப்பீடும் அறிவித்தது. ஆயுள் காப்பீடு 2 லட்சம், விபத்துக் காப்பீடு 2 லட்சம். கூடவே மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்தில் பிளாட்ஃபார்ம் தொழிலாளர் என்று பதிவு செய்துகொள்ளுங்கள், பத்து நிமிட வேலை. 2025 பட்ஜெட்டில் நம் மாதிரித் தொழிலாளர்களுக்கு ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீடு என்று அறிவித்தபோது அந்தப் பதிவைத்தான் வழியாகச் சொன்னார்கள்.

ஐடியை பிளாக் செய்துவிட்டால்?

எனக்கு நடந்திருக்கிறது. ஒரு வாடிக்கையாளர் ஆர்டர் வரவில்லை என்று புகார் கொடுத்தார், நான் வாசலில் கொடுத்திருந்தேன். விசாரிக்காமலேயே மூன்று நாள் ஐடி போனது. அந்த மூன்று நாளும் ஆப்பில் ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தது, மனிதர் யாரும் பேசவில்லை. வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய வாரம் அது.

இப்போது ஒரு பிடி இருக்கிறது. 2023இல் ராஜஸ்தான்தான் இந்த நாட்டில் முதலில் கிக் தொழிலாளர்களுக்குச் சட்டம் போட்டது. கர்நாடகத்தில் 2025இல் சட்டம் வந்தது. ஒவ்வொரு ஆர்டருக்கும் நமக்குத் தரும் தொகையில் 1 முதல் 5 சதவீதம் வரை நல நிதிக்குக் கம்பெனி கட்ட வேண்டும், அதை நம்மிடம் பிடிப்பதல்ல. வேலையை விட்டு நீக்குவதென்றால் காரணத்தை எழுதி, 14 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும், யாருக்காவது உடலுக்குத் தீங்கு விளைவித்த மாதிரி விஷயங்களுக்கு மட்டும் விலக்கு. சட்டம் காகிதத்தில் இருப்பதற்கும் அது நம் கைக்கு வருவதற்கும் நடுவே தூரம் அதிகம் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் இந்த 14 நாள் விஷயத்தைத் தெரிந்துகொண்டு மெயில் எழுதுகிறவருக்கும் தெரியாமல் கெஞ்சுகிறவருக்கும் கிடைக்கும் பதிலே வேறு. கர்நாடகா ஆப் பேஸ்டு ஒர்க்கர்ஸ் யூனியன் மாதிரிச் சங்கங்கள் இருக்கின்றன, தனியாக நிற்காதீர்கள்.

அப்புறம், ஒவ்வொரு டெலிவரியிலும் வாசல் போட்டோ எடுங்கள். ஓ.டி.பி. இருந்தால் வாங்காமல் பையை நீட்டாதீர்கள்.

வாடகை எலக்ட்ரிக் சைக்கிள் நல்லதா?

யூலு மாதிரி, மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத, 250 வாட்டுக்குள் இருக்கும் வண்டிக்கு லைசென்ஸும் பதிவும் தேவையில்லை. முட்டி வலி உள்ளவர்களுக்கு நல்ல வழி. ஆனால் ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் வாடகை ஓடும். நோட்டில் கணக்கு எழுதிப் பார்த்து, வாடகையைக் கழித்தும் மணிக்கு வருவது கூடினால் எடுங்கள். சாதாரண சைக்கிளில் மோட்டார் கிட் மாட்டி அதைவிட வேகமாக ஓட்டினால் சட்டப்படி அது மோட்டார் வண்டி, இடித்தால் சிக்கல் உங்களுக்கு.

பெண்கள் இந்த வேலைக்கு வரலாமா?

வரலாம், வந்திருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேர் என்னிடம் சொன்ன முதல் கஷ்டம் கழிப்பறை. பத்து மணி நேரம் ரோட்டில் இருக்கிற பெண் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார், அது உடம்பைக் கெடுக்கிறது. மெட்ரோ நிலையங்கள், பெட்ரோல் பங்குகள் எங்கெங்கே என்று முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் அண்ணா நகரில் 2025இல் மாநகராட்சி கிக் தொழிலாளர்களுக்கு ஏ.சி. ஓய்வறை, கழிப்பறையோடு கட்டியது. கோரமங்களாவில் ஒன்று வந்தால் பெண்கள் மட்டுமல்ல, நாங்கள் எல்லோருமே பிழைப்போம்.

வரி பிடிக்கிறார்களாமே?

ஒரு சதவீதம் டி.டி.எஸ். பிடிக்கலாம், பான் கொடுக்காவிட்டால் அது 20 சதவீதம் ஆகிவிடும். நம் வருமானத்துக்கு வரி வராது என்பதால் ரிட்டர்ன் தாக்கல் செய்தால் பிடித்தது திரும்ப வரும். வருடத்துக்கு ஒரு முறை, மறக்காதீர்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனால் ஐடியும் சைக்கிளும் என்ன ஆகும்?

ஒரு வாரம், பத்து நாள் லாகின் செய்யாவிட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது, வாராந்தர இன்சென்டிவ் மட்டும் போகும். மாதக்கணக்கில் விட்டால் ஐடி தூங்கிவிடும், எழுப்ப அலைய வேண்டும். சைக்கிளை மாடிப்படிக்கு அடியில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். செயினைத் துடைத்து எண்ணெய் போட்டு, அறைக்குள் கொண்டுவந்து சாத்திவிட்டுப் போங்கள். பக்கத்து அறைக்காரரிடம் சாவி கொடுத்துவிட்டு, மடிவாளா பக்கம் நின்றால் ஓசூர், கிருஷ்ணகிரி பஸ் கிடைக்கும். கூட்டம் இருக்கும் நாட்களில் சில்க் போர்டு வரை நடந்துவிடுங்கள். வரும்போது அம்மாவிடம் சொல்லி ராகி மாவு நாலு கிலோ எடுத்து வாருங்கள்.